அம்மாவின் சேலையும் பதினைந்து லட்சம் கிலோமீட்டரும்

ரொம்ப நாளாக எழுதணும் என்று நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. விண்வெளி என்று நம்பி வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், மல்லாட்டையில்தான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. மல்லாட்டை படிக்க வந்தவர்கள்... அப்படி யாரும் வந்திருக்க மாட்டீர்கள் :-)

மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவோம். ஊர் எலவனாசூர்கோட்டை. உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் போகும் ரோட்டில், தியாகதுருகத்துக்கு முன்னாடி வரும். பஸ்ஸில் தூங்கிக்கொண்டே எத்தனையோ தடவை தாண்டியிருப்பீர்கள். முன்னே விழுப்புரம் மாவட்டம், 2019-லிருந்து கள்ளக்குறிச்சி மாவட்டம்.

2024 ஏப்ரல். பாராளுமன்றத் தேர்தலுக்கு ஓட்டுப் போட ஊருக்கு வந்தவன், லீவை ஒரு வாரம் நீட்டிக்கொண்டேன். மார்கழிப் பட்டத்து மல்லாட்டை பிடுங்குற நேரம். இன்னும் கத்திரியே ஆரம்பிக்கலை, அதுக்குள்ள அந்த வருஷ வெயில் எப்படிக் கொளுத்தியது என்று உங்களுக்கே ஞாபகம் இருக்கும். சேலம், ஈரோடு, வேலூர் எல்லாம் 42 டிகிரி, அதுக்கும் மேல என்று தினமும் டிவியில் ஓடிக்கொண்டிருந்தது.

மல்லாட்டை ஆயறதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். செடியைப் பிடுங்கி குத்துக் குத்தாகப் போட்டுவிட்டு, பெண்கள் சுற்றி உட்கார்ந்து காயை ஆய்ந்து போடுவார்கள். கூலி மரக்கா கணக்கு. கொல்லையில் மரம் இருந்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் நாலு கம்பை நட்டு, மேலே ஒரு பழைய சேலையைக் கட்டிக்கொள்வார்கள். அதுதான் நிழல். சேலை அசையாது, ஆனால் வெயில் நகர்ந்துகொண்டே இருக்கும். பத்து மணிக்கு உங்கள் தலையில் இருந்த நிழல் பன்னிரண்டு மணிக்குப் பக்கத்து ஆள் மடியில் கிடக்கும். எழுந்து, கம்பைப் பிடுங்கி, மறுபடி நட்டு, சேலையைக் கட்டி முடிப்பதற்குள் கால் மரக்கா போய்விடும். அதனால் யாரும் எழுந்திருப்பதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக உட்கார்ந்த வாக்கிலேயே நகர்ந்து போவார்கள்.

அம்மா நகரவில்லை. சொந்தக் கொல்லை, கூலிக்கு வந்த ஆளுங்க நிழலில் இருக்கட்டும் என்று ஓரமாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு மணி வாக்கில் அப்படியே சாய்ந்துவிட்டது.

டிவிஎஸ் ஃபிஃப்டியில் நடுவில் அம்மாவை உட்கார வைத்து, பின்னால் சித்தி பிடித்துக்கொள்ள, நான் ஓட்டிக்கொண்டு போன அந்த நாலு கிலோமீட்டரைப் பற்றி எழுத வரவில்லை. ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏறியது. சாயங்காலம் கண்ணைத் திறந்து அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஆளுங்களுக்கு டீ வாங்கிக் குடுத்தீங்களா?"

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

அன்னைக்கு ராத்திரி கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சமாச்சாரம் கண்ணில் பட்டது. பூமி சூடாவதைத் தடுக்க, சூரியனுக்கும் பூமிக்கும் நடுவில் விண்வெளியிலேயே ஒரு குடை பிடிக்கலாம் என்று கொஞ்சம் விஞ்ஞானிகள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வேறு ஒரு நாளாக இருந்தால் சிரித்துவிட்டுத் தள்ளியிருப்பேன். அன்றைக்குச் சிரிக்க முடியவில்லை. விடியும் வரை அதையே தேடித் தேடிப் படித்தேன்.

குடையை எங்கே வைப்பது? அந்த இடத்துக்கு நம்ம ஆளுங்க ஏற்கெனவே போய்விட்டார்கள் என்பதுதான் எனக்கு முதல் ஆச்சரியம். ஆதித்யா எல்-1 ஞாபகம் இருக்கா? 2023 செப்டம்பர் 2-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி, நாலு மாசம் போய், 2024 ஜனவரி 6-ஆம் தேதி போய்ச் சேர்ந்தது. திட்ட இயக்குநர் நம்ம செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி. அது போய் நின்ற இடம்தான் எல்-1, முதலாவது லக்ராஞ்ச் புள்ளி. பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டர். நிலாவைப் போல நாலு மடங்கு தூரம். சூரியன் ஒரு பக்கம் இழுக்க, பூமி ஒரு பக்கம் இழுக்க, பூமியோடவே சேர்ந்து வருஷத்துக்கு ஒரு சுத்து வரும்படி கணக்கு சரியாக அமைகிற இடம். அங்கே ஒரு பொருளை வைத்தால் எப்பவும் நமக்கும் சூரியனுக்கும் நடுவிலேயே இருக்கும். நிழல் நகராது. அம்மாவின் சேலையில் இல்லாத வசதி.

ஆனால் அதிலும் ஒரு சிக்கல். அந்த இடம் நிலையானது இல்லை. எங்க ஊரில் கிரகணத்தன்று தட்டில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிற்க வைப்பார்கள் பார்த்திருக்கிறீர்களா? அது மாதிரி. நிற்கும், ஆனால் லேசாக இடித்தால் சாய்ந்துவிடும். ஆதித்யாவும் அந்தப் புள்ளியில் அப்படியே குத்துக்கல் மாதிரி நிற்கவில்லை. அதைச் சுற்றி ஒரு பெரிய வளையமாகச் சுற்றுகிறது, ஒரு சுற்றுக்கு 178 நாள். அவ்வப்போது எஞ்சினைத் தட்டிவிட்டுப் பாதையைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். குடை என்றால் இன்னும் கஷ்டம். குடை மெலிசாக, பெரிசாக இருக்கணும். மெலிசான பொருளை வெளிச்சமே தள்ளும். ஆமாம், வெயிலுக்கும் ஒரு தள்ளு உண்டு. பாய்மரத்தில் காத்து அடிக்கிற மாதிரி. அதைச் சமாளிக்க இன்னும் சூரியன் பக்கமாகத் தள்ளி நிறுத்தணும்.

அடுத்த கேள்வி, எவ்வளவு பெரிய குடை? இங்கேதான் நான் முதலில் தப்பாகப் புரிந்துகொண்டேன். குடை என்றதும் பூமி மேலே கறுப்பாக ஒரு நிழல் வட்டம் விழும் என்று நினைத்தேன். அப்படி இல்லை. அவ்வளவு தூரத்தில் சூரியனை முழுசாக மறைக்கணும் என்றால் குறுக்களவு 14,000 கிலோமீட்டர் தேவை. பூமியே 12,700 கிலோமீட்டர்தான். அதை யாரும் கேட்கவில்லை. தெருவிளக்கில் ஈசல் உட்கார்ந்தால் ரோட்டில் ஈசல் நிழல் தெரியுமா? தெரியாது, வெளிச்சம் மட்டும் ஒரு பொட்டு குறையும். அதே கதைதான். கரியமில வாயு இரண்டு மடங்கானால் ஏறக்கூடிய சூட்டைச் சரிக்கட்ட, சூரிய வெளிச்சத்தில் 1.8 சதவீதம் குறைந்தால் போதும் என்பது கணக்கு. அதுக்கு சுமார் 2,000 கிலோமீட்டர் குறுக்களவு. பரப்பு பார்த்தால் கிட்டத்தட்ட இந்தியா அளவு. ஊரில் சாயங்காலம் வோல்டேஜ் லேசாக இறங்குமே, ஃபேன் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்போம், அந்த மாதிரி ஒரு மங்கல். கண்ணுக்கு நிச்சயம் தெரியாது.

இதை அடித்துச் சொல்ல எனக்கு ஒரு சாட்சி இருக்கு. 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணம். கோயமுத்தூர், திண்டுக்கல் பக்கமெல்லாம் நெருப்பு வளையமாகத் தெரிந்தது. எங்க ஊரில் வளையம் இல்லை, ஆனாலும் முக்கால்வாசிக்கு மேல் மறைந்தது. வாசலில் உலக்கை நிற்க, வேப்பமரத்தடியில் இலை சந்து வழியாக விழுந்த வெளிச்சமெல்லாம் பிறை பிறையாகக் கிடந்தது. ஒன்பதரை மணிக்கு வெயில் ஏதோ பழைய ஃபோட்டோ மாதிரி வெளுத்து, காத்து கொஞ்சம் குளிர்ந்தது. அவ்வளவுதான். கிரகணம் என்று தெரியாத ஒருத்தன் மேகம் என்று நினைத்துப் போயிருப்பான். முக்கால்வாசிக்கே இந்தக் கதை என்றால் 1.8 சதவீதம் எந்த மூலைக்கு?

இந்த யோசனை ஒன்றும் புதுசு இல்லை. 1989-லேயே ஜேம்ஸ் எர்லி என்கிற அமெரிக்கர், நிலாவின் மண்ணிலிருந்தே கண்ணாடி செய்து, 2,000 கிலோமீட்டர் கேடயமாக நிறுத்தலாம் என்று எழுதினார். 2006-ல் அரிசோனா பல்கலைக்கழகத்து வானியலாளர் ரோஜர் ஏஞ்சல், ஒரே பெரிய குடை எதுக்கு, சின்னச் சின்னதாக ஒரு கூட்டமே அனுப்புவோம் என்றார். ஒவ்வொன்றும் முறம் அளவு, ரெண்டடி. எடை ஒரு கிராம் சொச்சம். எத்தனை? 16 லட்சம் கோடி. (ஒரு நிமிஷம் நிறுத்தி மறுபடி படிக்கவும்.) எல்லாம் சேர்ந்து 2 கோடி டன். ஆதித்யாவின் எடை சுமார் ஒன்றரை டன். தினம் ஒரு ஆதித்யா வீதம், ஞாயித்துக்கிழமைகூட லீவு விடாமல் அனுப்பினால், முடிக்க 37,000 வருஷம் ஆகும். அதனால்தான் அவர் ராக்கெட்டை நம்பாமல், மின்காந்த பீரங்கி மாதிரி ஒன்றில் வைத்துச் சுடலாம் என்றார்.

2023-ல் ஹவாயில் இருக்கும் இஸ்த்வான் சபுடி இன்னொரு வழி சொன்னார். அந்த ஊரில் ஜனங்கள் வெயிலுக்குக் குடை பிடித்துப் போவதைப் பார்த்துத்தான் யோசனை வந்ததாம். எங்க ஊருக்கு வந்திருந்தால் சீக்கிரமே வந்திருக்கும். குடை காத்தில் பறக்காமல் இருக்க கைப்பிடியில் கல்லைக் கட்டுகிற மாதிரி, ஒரு விண்கல்லைப் பிடித்து எதிர்ப்பாரமாகக் கட்டிவிடுவது. மொத்தம் 35 லட்சம் டன், ஆனால் அதில் பூமியிலிருந்து போக வேண்டிய குடை 35,000 டன்தான். தினம் ஒரு ஆதித்யா கணக்கில் 65 வருஷம். 37,000-லிருந்து 65! கணக்கு போட்டுப் பார்த்தபோது ஆஸ்பத்திரியிலேயே கொஞ்சம் சத்தமாகச் சிரித்துவிட்டேன். நர்ஸம்மா முறைத்தார்கள். அதே வருஷம் யூட்டா பல்கலைக்கழகத்தில் நிலாப் புழுதியை அள்ளி வீசலாமா என்றுகூடக் கணக்கு போட்டிருக்கிறார்கள். புழுதி பறந்துவிடும், வருஷா வருஷம் கோடி டன் கணக்கில் புதுசாக வீசிக்கொண்டே இருக்கணும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இது எல்லாமே இன்றுவரை காகிதத்தில் மட்டும்தான். ஒரு முறம்கூட மேலே போகவில்லை.

விடிகாலையில் அப்பா வந்தார். கையில் தூக்குவாளி. நான் தூங்காத கண்ணோடு மேலே சொன்னதையெல்லாம் ஆர்வமாக அவரிடம் சொன்னேன். குடை, எல்-1, 1.8 சதவீதம், எல்லாம். பொறுமையாகக் கேட்டார். ஜன்னல் பக்கம் பார்த்தார். அப்புறம், "சரிப்பா... அப்ப மழை?" என்றார்.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. அடேயப்பா, பெரிய பெரிய விஞ்ஞானிகள் தலையைப் பிய்த்துக்கொள்கிற கேள்வியை எங்கப்பா ஒரே வார்த்தையில் கேட்டுவிட்டாரே என்று. வேகமாக விளக்க ஆரம்பித்தேன். அவர் கையமர்த்தினார். "அது இல்லடா. மேக்கால கருக்கல் கட்டியிருக்கு. பிடுங்கிப் போட்ட செடியெல்லாம் கொல்லையிலயே கிடக்குது. இன்னைக்கு மழை வருமா, போன்ல பாரு."

ஹூம். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அவர் கேட்காத கேள்விக்கு நான் தேடிய பதில் இதுதான்.

சூடு ரெண்டு வழியாக ஏறலாம். சூரியனிடமிருந்து அதிகமாக வரலாம், இல்லை வந்த சூடு வெளியே போகாமல் மாட்டிக்கொள்ளலாம். இப்ப நடப்பது ரெண்டாவது. 1958-ல் ஹவாயில் அளக்க ஆரம்பித்தபோது காற்றில் பத்து லட்சத்துக்கு 315 பங்காக இருந்த கரியமில வாயு, 2024-ல் 420-ஐத் தாண்டிவிட்டது. போர்வை தடிமனாகிவிட்டது. குடை என்ன பண்ணுது? போர்வையை எடுக்காமல் அடுப்பைக் குறைக்குது. தெர்மாமீட்டரில் பழைய எண்ணே வந்துவிடும். ஆனால் கடலிலிருந்தும் மண்ணிலிருந்தும் தண்ணீரை ஆவியாக்கித் தூக்குவது வெயில்தானே? அதைக் குறைத்தால் ஆவியாவது குறையும். அப்ப உலகம் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் மழையும் குறையும் என்றுதான் கணினி மாதிரிகள் சொல்கின்றன. சூடு பழைய நிலைக்குத் திரும்பும், மழை பழைய நிலைக்குத் திரும்பாது. இதில் பருவமழை நாடுகளுக்குத்தான் பயம் ஜாஸ்தி. எங்கே எவ்வளவு குறையும் என்பதில் மாதிரிகளுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை.

வெறும் கணினிக் கணக்கு என்று தள்ளிவிட முடியாது, இயற்கையே ஒரு தடவை குடை பிடித்துக் காட்டியிருக்கு. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸில் பினட்டுபோ எரிமலை வெடித்தது. ஒன்றரை முதல் இரண்டு கோடி டன் கந்தக டை ஆக்சைடை மேலே தூக்கி வீசியது. அது மெலிசான மூட்டமாகப் பூமியைச் சுற்றிப் படர்ந்து, அடுத்த வருஷம் உலகச் சராசரி வெப்பம் சுமார் அரை டிகிரி இறங்கியது. நல்ல விஷயம்தானே? ஆனால் 1992-ல் உலகம் முழுக்க நிலப்பரப்பில் பெய்த மழையும் குறைந்தது, ஆறுகளில் ஓடிய தண்ணீரும் குறைந்தது. மேலே எரிமலை மூட்டமும் விண்வெளிக் குடையும் ஒன்று இல்லைதான். ஆனால் வெயில் குறைந்தால் மழைக்கு என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள நம்மிடம் இருக்கிற நேரடிச் சாட்சி அதுதான்.

எங்க ஊரில் கிணறும் போரும் இருக்கிறவர்கள் கொஞ்சம். மீதிப்பேர் வானத்தைப் பார்த்து விதைக்கிற ஆளுங்க. கல்வராயன் மலையில் பெய்தால் கோமுகி அணைக்குத் தண்ணீர், ஐப்பசி கார்த்திகையில் பெய்தால் ஏரிக்குத் தண்ணீர். தாது வருஷப் பஞ்சம் என்று கிழவிகள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள், 1876-ல் ஆரம்பித்தது. அப்போது எந்தக் குடையும் கிடையாது, சும்மா மழை பொய்த்ததுக்கே (அதுக்கு மேல் வெள்ளைக்காரன் நிர்வாகம் வேறு) லட்சக்கணக்கில் செத்தார்கள். ஆனால் மழை கூடினாலும் எங்களுக்கு நல்லதில்லை. அதே 2024 கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்து விழுப்புரம், கள்ளக்குறிச்சி எல்லாம் வெள்ளக்காடானது. ஏப்ரலில் வெயில் சாய்த்தது, டிசம்பரில் தண்ணீர் சாய்த்தது. எவ்வளவு மழை வேணும் என்று எங்களைக் கேட்டால் சொல்லுவோம். ஆனால் யார் கேட்கப் போகிறார்கள்?

இதுதான் எனக்கு உண்மையிலேயே உறுத்துவது. 2024 பிப்ரவரி கடைசியில் நைரோபியில் ஐ.நா. சுற்றுச்சூழல் பேரவை கூடியபோது, சூரிய வெளிச்சத்தைக் குறைக்கிற இந்த மாதிரித் திட்டங்களைப் பற்றி ஒரு தீர்மானத்தை ஸ்விட்சர்லாந்து கொண்டுவந்தது. குடை பிடிக்கலாமா கூடாதா என்றுகூட இல்லை, நிபுணர்களை வைத்து முதலில் தெரிந்துகொள்வோம் என்கிற அளவுக்குத்தான். அதிலேயே ஒத்துவராமல் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ராக்கெட் இருக்கிற நாடுகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. குடையின் கைப்பிடி அவர்களிடம்தான் இருக்கும். நம்மிடமும் ராக்கெட் இருக்கிறது, அதனால் நாமும் அந்தப் பக்கத்தில்தான் என்று யாராவது சொல்லலாம். ஸ்ரீஹரிகோட்டா அந்தப் பக்கம் இருக்கலாம். எலவனாசூர்கோட்டை?

இன்னொன்று, பிடித்த குடையை மடக்கவே முடியாது. கீழே புகையைக் குறைக்காமல் குடையை மட்டும் நம்பிக்கொண்டிருந்து, நாப்பது வருஷம் கழித்து ஏதோ சண்டையிலோ காசு இல்லாமலோ கைவிட்டால், தேங்கி வைத்த சூடெல்லாம் பத்திருபது வருஷத்துக்குள் மொத்தமாக இறங்கும். உலக்கை சாய்ந்த கதை. நடுவில் கடல் பாட்டுக்குக் கரியமில வாயுவைக் குடித்துக் குடித்துப் புளித்துக்கொண்டிருக்கும். குடை அதுக்கு ஒன்றும் பண்ணாது.

ஆக, எனக்கு இந்தத் திட்டம் பிடிக்கவில்லை. இதையெல்லாம் அம்மா வீடு திரும்பிய ரெண்டாம் நாள் திண்ணையில் உட்கார்ந்து, கொஞ்சம் பெருமையாகவே, அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா கேட்டுவிட்டு, "நீ எங்க உக்காந்து வேலை பார்க்குற?" என்றது.

"மெட்ராஸ்லதான்."

"ஏசியிலயா?"

"...ஆமா."

"அப்ப நீ வேணாம்னுதான் சொல்லுவ. எனக்குக் கொறஞ்சா தேவலாம்டா."

பதில் இல்லை என்னிடம். இன்றைக்கு வரைக்கும் இல்லை. மழை குறையும் என்று நான் சொல்வது நாளைக்கு. வெயிலில் சாய்ந்தது நேற்று. 1.8 சதவீதம் வந்தால் அம்மா சாய்ந்திருக்காது என்றும் சொல்ல முடியாது. ரோட்டை அகலமாக்கியபோது போன புளியமரங்கள் இருந்திருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போன வழியிலாவது நிழல் இருந்திருக்கும். அதெல்லாம் உண்மைதான். ஆனால் அம்மாவிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. தமிழ்நாட்டு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. செத்தால் குடும்பத்துக்கு 4 லட்சம். அதையும் அம்மாவிடம் சொல்லவில்லை.

2025 அறுப்புக்கு முன்னால் கள்ளக்குறிச்சி போய், நர்சரியில் கட்டுவார்களே, அந்தப் பச்சை நிழல் வலை வாங்கினேன். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை பர்சென்ட் வேணும் சார்? அம்பதா, எழுபத்தஞ்சா?"

நான் கொஞ்சம் நேரம் அப்படியே நின்றேன். அவர் கல்லாப்பெட்டியைத் தட்டினார். எழுபத்தஞ்சு என்றேன்.

வலையின் நாலு மூலையிலும் சவுக்குக் கம்பு கட்டி, ஆள் ரெண்டு பேர் தூக்கி நகர்த்துகிற மாதிரி செய்து கொடுத்துவிட்டு வந்தேன். போன வாரம் போனில் சித்தி சொன்னது: வலையில் வெயில் பொத்தல் பொத்தலாக விழுதாம். அதனால் அதுக்கு மேல் அம்மா பழைய சேலையை விரித்துப் போட்டிருக்கிறதாம். நகர்த்துகிறீர்களா என்று கேட்டேன்.

"எங்க? ஆயற நேரத்துல யாரு எழுந்திருக்கிறது?" என்றது சித்தி.